பழைய துப்பாக்கிகளும் புதிய சட்டங்களும்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படை வீரர்களின் கையில் இருந்தது எம்-1 காரண்ட் துப்பாக்கி. எட்டுத் தோட்டாக்கள் செருகிய உலோகப் பட்டையை மேல்புறமாக உள்ளே அழுத்திவிட்டுச் சுட வேண்டும். எட்டாவது தோட்டா வெடித்ததும் வெற்றுப் பட்டை கணீரென்று வெளியே தெறிக்கும். எடை 4 கிலோவுக்கு மேல், நீளம் ஒரு மீட்டருக்கு மேல். அமெரிக்கா கொடுத்த இந்த ரகத் துப்பாக்கிகள் கொரியப் போருக்குப் பிறகு தென்கொரியாவின் கிடங்குகளில் பல்லாயிரக்கணக்கில் தங்கிவிட்டன. அவற்றை அமெரிக்காவிலேயே விற்றுவிட அந்நாடு விரும்பியது. சேகரிப்பாளர்களும் ஆவலோடு காத்திருந்தார்கள். 2013 ஆகஸ்டில் ஒபாமா அரசு அதற்குத் தடை போட்டது. வெளிநாடுகளுக்குக் கொடுத்த படைத்துறை ஆயுதங்களைத் தனியார் திரும்ப இறக்குமதி செய்ய இனி ஒப்புதல் இல்லை, அருங்காட்சியகம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு என்று அறிவித்தது.

அதற்கு எட்டு மாதங்களுக்கு முன், 2012 டிசம்பர் 14 அன்று, கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் பள்ளியில் பணிபுரிந்த 6 பெண்களும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். அதற்குப் பிறகு கொண்டுவரப்பட்ட பெரிய சட்ட முன்மொழிவுகள் 2013 ஏப்ரல் 17 அன்று செனட்டில் தோற்றன. தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்கான தடைக்கு ஆதரவாக 40 வாக்குகளே விழுந்தன. வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் முறையை விரிவாக்கும் திருத்தம் 54 வாக்குகள் பெற்றும் தேவையான 60-ஐ எட்டவில்லை. நாடாளுமன்றத்தில் முடியாதுபோனபின், அதிபரின் கையெழுத்தால் முடிந்தவை மட்டும் எஞ்சின. அந்தச் சிறு பட்டியலில்தான் காரண்ட் சிக்கியது. பள்ளியில் பயன்பட்டதோ பெரிய மேகசின் பொருத்திய, இன்றைய காலத்து அரைத் தானியங்கித் துப்பாக்கி.

துப்பாக்கிச் சேகரிப்பாளர்களின் மனக்குறையை விளங்கிக்கொள்ள இந்த ஒரு நிகழ்வு போதும். ஒரு கொடுமை நடக்கிறது, மக்கள் கொதிக்கிறார்கள், அரசு ஏதாவது செய்தாக வேண்டும். கொடுமை செய்தவனைப் போன்றவர்களைத் தேடிப்பிடிப்பது கடினம். பெயர், முகவரி, வரிசை எண் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு அமர்ந்திருப்பவரிடம் போவது எளிது. இந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழு உண்மையன்று. சேகரிப்பைக் காப்பதும் உயிர்களைக் காப்பதும் எப்போதும் ஒன்றையொன்று தின்பவை அல்ல என்பதே என் கருத்து. சட்டம் எதைக் கட்டுப்படுத்துகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. பொருளையா, பொருளின் எண்ணிக்கையையா, அது சுடும் திறனையா? வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு விடை சொல்லியிருக்கின்றன. அவற்றின் விளைவுகளைப் பார்த்தால் எந்த அச்சம் நியாயமானது, எது மிகையானது என்று பிரித்தறியலாம்.

முதலில், சேகரிப்பாளர் யார்? எல்லாத் துப்பாக்கிப் பிரியர்களும் சேகரிப்பாளர்கள் அல்லர். உண்மையான சேகரிப்பாளர் ஒரு வெப்லி ரிவால்வரையோ ஜெர்மன் லூகரையோ எடுத்தால் முதலில் பார்ப்பது அதன் உறுப்புகளில் பொறித்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைத்தான். எந்த ஆலை, எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு, பரிசோதகரின் முத்திரை எங்கே என்பதெல்லாம் அவருக்கு ஆவணம். மேல்பூச்சைத் தேய்த்துப் புதிதாக்கினாலே மதிப்புப் போய்விடும். அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே தனி உரிமம் உண்டு. 1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழி வந்த அந்த உரிமத்துக்கு மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டணம். 50 ஆண்டுக்கு மேல் பழையவை, அருங்காட்சியகக் காப்பாளர் சான்றளித்தவை ஆகியவற்றை அவர்கள் வெளி மாநிலத்திலிருந்தும் நேரடியாக வாங்கலாம். 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவை கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியாகவே கருதப்படுவதில்லை.

இதே நாட்டில்தான் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2015-ல் ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய தேசியக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்கத் தனியார் துப்பாக்கிகளில் ஏறத்தாழ பாதி வெறும் 3 சதவீத வயதுவந்தோரிடம் குவிந்திருக்கிறது. அவர்களில் ஆராய்ச்சி மனம் கொண்டவர் எத்தனை பேர், அச்சத்தால் குவிப்பவர் எத்தனை பேர் என்று அலமாரியை வெளியிலிருந்து பார்க்கும் அரசுக்குத் தெரியாது. சேகரிப்பாளர்கள் தங்களைத் தனி இனமாகக் கருதுகிறார்கள். சட்டம் எழுதுபவரோ ஒரே வீட்டில் நாற்பது ஆயுதங்கள் இருப்பதைப் பார்க்கிறார். இரண்டு பார்வைக்கும் காரணம் உண்டு.

தடை வருமென்ற பேச்சே அமெரிக்காவில் விற்பனையைப் பெருக்கிவிடுகிறது. சாண்டி ஹூக் நடந்த அந்த டிசம்பரில் மட்டும் துப்பாக்கி வாங்குவோருக்கான பின்னணிச் சோதனைகள் 27 லட்சத்தைத் தாண்டின. அடுத்த ஆண்டு தோட்டாக்களுக்கே நாடு முழுவதும் தட்டுப்பாடு. 1986-ல் வந்த சட்டமோ இன்னும் விசித்திரமான பாடம். அந்த ஆண்டு மே 19-க்குப் பிறகு தயாரான முழுத் தானியங்கித் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது, அதற்கு முன் பதிவானவை மட்டும் கைமாறலாம் என்று வரையறுத்தார்கள். புதியவை வராததால் பழையவை பொக்கிஷமாயின. பதிவு பெற்ற ஓர் எம்-16-ன் விலை இன்று 30,000 டாலரையும் தாண்டுகிறது. கட்டுப்பாட்டை எதிர்த்தவர்களிடம் இருந்தவற்றின் மதிப்பே அதனால் ஏறியது. இன்னொரு பக்கம், இப்படிப் பதிவான தானியங்கிகள் குற்றத்தில் பயன்படுவது மிக மிக அரிது. கைரேகை, புகைப்படம், மாதக்கணக்கில் காத்திருப்பு, 1934-லிருந்து மாறாத 200 டாலர் வரி ஆகிய தடைகளைத் தாண்டி வாங்கியவர் அதைத் தெருவுக்குக் கொண்டுபோவதில்லை. பதிவேடு என்றாலே பறிமுதலுக்கு முன்னோட்டம் என்று அஞ்சும் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தங்கள் வரலாற்றின் இந்தப் பகுதியை நிதானமாகத் திரும்பிப் படிக்க வேண்டும்.

1994 செப்டம்பர் 13 முதல் சரியாகப் பத்தாண்டு நடைமுறையில் இருந்த தாக்குதல் துப்பாக்கித் தடை வேறு வகை. அது 19 துப்பாக்கிகளைப் பெயர் சொல்லித் தடுத்தது. மற்றவற்றைப் புற அடையாளங்களால் பிரித்தது. மடக்கும் கட்டை, துப்பாக்கி ஈட்டி மாட்டும் கொக்கி, தனிக் கைப்பிடி போன்றவற்றில் இரண்டு இருந்தால் தடை. ஒரு படைத்துறைப் பொருளின் வரலாற்று முழுமை எதில் இருக்கிறதோ, அதே உறுப்புகள் குற்றத்தின் அடையாளமாயின. தயாரிப்பாளர்கள் கொக்கியை நீக்கிவிட்டு அதே இயந்திரத்தை விற்றார்கள். சேகரிப்பாளர் கையிலிருந்த அசலுக்கு விலை ஏறியது. இந்தத் தடையை ஆராய்ந்த கிறிஸ்டோபர் கோப்பர், அதற்கு முன்பே இவ்வகைத் துப்பாக்கிகள் துப்பாக்கிக் குற்றங்களில் 2 முதல் 8 சதவீதத்தில்தான் பயன்பட்டன என்று கண்டார். புறத்தோற்றத்தைப் பார்த்து எழுதிய சட்டம் சேகரிப்பாளரையும் புண்படுத்தியது, குழந்தைகளையும் போதிய அளவு காக்கவில்லை.

பிரிட்டன் தேர்ந்தது நேர்வழி. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 16 குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் கொன்றவன் பயன்படுத்தியவை முறையான உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகள். அடுத்த ஆண்டே இரண்டு சட்டங்கள் வந்தன. ஏறத்தாழ 1,62,000 கைத்துப்பாக்கிகள் இழப்பீட்டுடன் ஒப்படைக்கப்பட்டன. பதிவேட்டில் இருந்ததால்தான் அவற்றை அவ்வளவு எளிதாகத் திரட்ட முடிந்தது என்று சேகரிப்பாளர்கள் சொல்வது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவை அவர்கள் அதிகம் பேசுவதில்லை. 1919-க்கு முன் செய்யப்பட்டு, தோட்டா எளிதில் கிடைக்காத ரகமாக இருந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். வரலாற்றுச் சிறப்பு மிக்க மற்றவற்றை அரசு குறித்த பாதுகாப்பிடங்களில் வைத்து, அங்கே போய்ப் பார்க்கலாம், ஆராயலாம், சுடவும் செய்யலாம். கொந்தளிப்பின் உச்சத்தில் எழுதிய சட்டத்திலும் வரலாற்றுக்கு ஓர் இடம் விட்டார்கள். இதைச் சிறு சலுகை என்று நான் கருதவில்லை.

அந்த இடத்தைச் சிலர் தவறாகவும் பயன்படுத்தினர். பிரிட்டனில், வழக்கொழிந்த தோட்டா அளவுகளைக் கொண்ட பழம்பொருள் துப்பாக்கிகளுக்கு உரிமமே தேவையில்லை என்ற விலக்கு நெடுங்காலமாக உண்டு. உரிமம் பெற்ற ஆயுத வணிகர் ஒருவர் அந்தப் பழைய அளவுகளுக்குப் பொருந்தும் தோட்டாக்களைத் தன் வீட்டிலேயே செய்தார். அவை குற்றக் கும்பல்களின் கைக்குப் போய், நூற்றுக்கும் மேற்பட்ட சம்பவ இடங்களில் தடயங்களாகக் கிடைத்தன. 2017-ல் அவருக்கு 30 ஆண்டுச் சிறைத் தண்டனை. 2021-ல் அரசு வழக்கொழிந்தவை என்ற பட்டியலிலிருந்து ஏழு தோட்டா அளவுகளை நீக்கியது. அவ்வளவு நாள் அலமாரியில் அலங்காரமாக இருந்தவற்றுக்கு அதற்குப் பிறகு உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. சேகரிப்பாளர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் நூறு வயதான ரிவால்வரும் தோட்டா கிடைத்தால் இன்றும் ஆளைக் கொல்லும். “பழையது, ஆகவே தீங்கில்லை” என்ற வாதம் இந்த வழக்கோடு முடிந்துவிட்டது. ஆபத்து இருந்தது தோட்டாவில். அரசு கைவைத்ததும் அங்கேதான். ஆகவே அந்தத் திருத்தம் சரியானது.

நியூசிலாந்து இன்னும் ஒரு படி நுட்பமாகச் சிந்தித்தது. 2019 மார்ச் 15 அன்று கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபின், ஒரு மாதத்துக்குள், 119-க்கு 1 என்ற வாக்குக் கணக்கில் அரைத் தானியங்கிகளுக்குத் தடை நிறைவேறியது. 56,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இழப்பீட்டுக்கு ஈடாக வந்து சேர்ந்தன. உண்மையான சேகரிப்பாளர்கள் சிறப்பு அனுமதியோடு வைத்துக்கொள்ளலாம். ஆனால் சுடுவதற்கு இன்றியமையாத ஓர் உறுப்பைக் கழற்றி வேறு முகவரியில் வைக்க வேண்டும். பொருள் சிதையவில்லை. வெட்டவில்லை, பற்றவைக்கவில்லை. நாளை ஓர் ஆராய்ச்சியாளர் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். திருடன் வந்தால் அவனுக்குக் கிடைப்பது இரும்பும் மரமும். அங்கும் எரிச்சல் இருந்தது. இரண்டாவது முகவரிக்கு எங்கே போவது, அந்த வீட்டுக்காரரை எப்படி நம்புவது என்று கேட்டார்கள். அவை தீர்க்கக்கூடிய தொல்லைகள்.

அதே நாடு இன்னொன்றையும் காட்டியது. 1983-ன் சட்டப்படி நியூசிலாந்தில் ஆளுக்குத்தான் உரிமம், சாதாரணத் துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் பதிவு இல்லை. ஆகவே நாட்டில் மொத்தம் எத்தனை இருந்தன என்றே 2019-ல் யாருக்கும் தெரியவில்லை. 56,000 என்பது பெரும்பகுதியா, சிறுபகுதியா என்று அளக்க வழியில்லாமல் போனது. பிறகு 2023-ல் பதிவேடு தொடங்கினார்கள்.

ஐரோப்பாவில் சண்டை வேறு விதமாக முடிந்தது. 2015-ல் பாரிஸ் தாக்குதல்கள் நடந்து சில நாட்களிலேயே ஐரோப்பிய ஆணையம் கடுமையான வரைவை முன்வைத்தது. செயலிழக்கச் செய்ததாகச் சொல்லி விற்ற துப்பாக்கிகளை மீண்டும் உயிர்ப்பித்துப் பயன்படுத்தியது அந்த ஆண்டு ஜனவரியில் ஷார்லி எப்டோ இதழ் மீதான தாக்குதலையொட்டி வெளிப்பட்டிருந்ததால், அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும்கூட அதில் குறிவைக்கப்பட்டார்கள். சுமார் ஒன்றரை ஆண்டு விவாதத்துக்குப் பின் 2017-ல் வந்த இறுதி வடிவத்தில் அவர்களுக்கு நிபந்தனையோடு விலக்கு கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் ஷெங்கன் ஒப்பந்தத்தால் இதை ஏற்க வேண்டியிருந்தது. ப்ரோடெல் என்ற துப்பாக்கி உரிமை அமைப்பு உள்ளிட்டோர் எதிர்த்துப் பொதுவாக்கெடுப்பு கோரினர். 2019 மே 19 அன்று 63.7 சதவீத மக்கள் சட்டத்தை ஆதரித்தார்கள்; எதிர்த்த ஒரே மாநிலம் தெற்கே இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ. சுவிஸ் சேகரிப்பாளர் இன்று செய்ய வேண்டியது பாதுகாப்பாகப் பூட்டிவைப்பதும், தன்னிடம் உள்ளவற்றின் பட்டியலை ஒழுங்காகப் பேணுவதும்தான். உண்மையில் நல்ல சேகரிப்பாளர் எவரும் சட்டம் சொல்லாமலே இவ்விரண்டையும் செய்துகொண்டிருப்பார்.

என்னை மிகவும் உறுத்துவது கனடா. அங்கே 1995-ன் சட்டத்தால் வந்த நீள்துப்பாக்கிப் பதிவேடு, சொற்பச் செலவில் முடியும் என்று சொல்லி நூறு கோடி டாலருக்கு மேல் விழுங்கி, 2012-ல் கைவிடப்பட்டது. 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்டபின் சுமார் 1,500 ரகங்கள் ஒரே ஆணையில் தடையாயின. 2022 நவம்பரில், விவாதத்தில் இருந்த மசோதாவில் திடீரென்று ஒரு நீண்ட பட்டியலைச் சேர்த்தார்கள். வேட்டைக்காரர்களும் பூர்வகுடித் தலைவர்களும் தங்கள் துப்பாக்கிகள் அதில் இருக்கக் கண்டு எதிர்த்ததும், 2023 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். ஓர் அரசு இப்படி முன்னும் பின்னும் நடந்தால், அடுத்து எது வருமென்று மக்கள் அஞ்சுவதைக் குறைசொல்ல முடியாது. கைத்துப்பாக்கி விஷயத்தில் 2022 அக்டோபர் 21 முதல் ‘உறைநிலை’ வந்தது. வைத்திருப்பவர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இன்னொரு தனிநபருக்கு விற்கவோ கொடுக்கவோ முடியாது. இழப்பீடும் இல்லை. ஐம்பதாண்டு உழைத்து ஒருவர் திரட்டிய தொகுப்பு அவர் ஆயுளோடு முடிகிறது. இங்கே சட்டம் சுடும் திறனைத் தொடவே இல்லை. அவர் உயிரோடிருக்கும்வரை துப்பாக்கி முழுத் திறனோடு வீட்டிலேயே இருக்கும். அவர் இறந்தபின் வரலாறு மட்டும் உருக்குலையும். இதைவிடத் தலைகீழான ஏற்பாட்டைக் கற்பனை செய்வது கடினம்.

இந்தியாவில் இந்தக் கேள்வி வேறு வண்ணம் கொள்கிறது. இங்கே துப்பாக்கி வைத்திருப்பது உரிமையாக ஒருபோதும் இருந்ததில்லை. 1878-ன் ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமம் கேட்கவைத்து, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. விடுதலைக்குப் பின் 1959-ல் வந்த சட்டம் இனபேதத்தை நீக்கியது, உரிமத்தை நீக்கவில்லை. 1983-ல் ஆளுக்கு மூன்று துப்பாக்கிகள் என்ற வரம்பு வந்தது. அதே பத்தாண்டில் சாதாரணக் குடிமக்களுக்கு இறக்குமதியும் அடைபட்டதால், பர்டி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்று பிரிட்டிஷ் ஆலைகள் அனுப்பிய வேட்டைத் துப்பாக்கிகள் குடும்பங்களுக்குள்ளேயே தங்கின. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பெயர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் ஒரு காலத்தில் துப்பாக்கியும் விற்றது. அந்தப் பெயர் பொறித்த குழல்கள் இன்றும் சேகரிப்பாளரிடம் உண்டு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை முடிவுக்கு வந்தது. துப்பாக்கிகள் மட்டும் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்தபின் ஈரப்பதமும் துருவும் ஏறியிருக்குமோ என்ற கவலையோடு திரும்ப வாங்கிவருவது உரிமதாரர்களின் பழகிப்போன வழக்கம்.

2019 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த திருத்த மசோதா மூன்றை ஒன்றாக்கப் பார்த்தது. எதிர்ப்புக்குப் பின் இரண்டு என்று முடிந்து, டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. பாரம்பரியச் சொத்தாக வந்தாலும் இரண்டைத் தாண்டக் கூடாது. மிகுதியை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். உரிமக் காலம் மூன்றிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது, சட்டவிரோதத் தயாரிப்புக்கான தண்டனை கடுமையானது, இவை நல்லவை. ஆனால் எண்ணிக்கை வரம்பு யாரைத் தடுக்கும்? இந்தியாவில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் பெரும்பாலானவை உரிமமில்லாத ஆயுதங்களால் நடப்பவை என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. முங்கேர் போன்ற இடங்களில் கள்ளத்தனமாக உருவாகும் கைத்துப்பாக்கிக்கு மூன்றாவது, இரண்டாவது என்ற கணக்கு இல்லை. கொல்ல நினைப்பவனுக்கு ஒன்றே போதும். சேகரிப்பாளருக்குத்தான் எண்ணிக்கை முக்கியம். ஆகவே எண்ணிக்கை வரம்பு அவரை மட்டுமே தாக்குகிறது.

குடகின் கதை இதற்கு மறுபக்கம். குடவர்களுக்கும் ஜம்மா எனும் பரம்பரை நிலம் வைத்திருப்போருக்கும் பிரிட்டிஷ் காலந்தொட்டே உரிம விலக்கு இருக்கிறது. 2019-ல் அரசு அதை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. பிள்ளை பிறந்தால் ஒரு வெடி, சாவென்றால் இரண்டு வெடி என்று வாழ்வின் இரு முனைகளிலும் துப்பாக்கி பேசும் சமூகம் அது. செப்டம்பரில் வரும் கயில்போள்து திருவிழாவில் துப்பாக்கிகளைத் துடைத்து வைத்து, நம் செங்காந்தளைக் குழலில் செருகிப் பூசை செய்கிறார்கள். விலக்கை எதிர்த்த வழக்கைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021-ல் தள்ளுபடி செய்தது. துப்பாக்கி பண்பாட்டின் பகுதியாக இருக்கும் இடத்தில் அதைச் சுற்றி ஒழுக்கமும் இருந்தால், சட்டம் இடம்கொடுத்துப் போகலாம் என்பதற்கு இது சான்று.

இரண்டு என்ற வரம்பு வந்த இரண்டே மாதத்தில், 2020 பிப்ரவரியில், மத்திய உள்துறை ஆயுத விதிகளில் ஒரு திருத்தம் செய்தது. அரும்பொருள் வகையில் அடங்கும் சிறு ஆயுதங்களை வைத்திருக்க இந்தியக் குடிமக்களுக்கு உரிமம் தேவையில்லை. அவற்றைச் சுடவோ, எடுத்துச்செல்லவோ உரிமம் வேண்டும். உரிமத்தில் பதியாதவரை அதற்கான தோட்டா விற்கப்படாது. பிரிட்டன் 2021-ல் திருத்தத்தால் தொட்ட அதே புள்ளியை, நியூசிலாந்து உறுப்பைக் கழற்றிவைத்துத் தேடிய அதே சமநிலையை, இந்த விதி அமைதியாகத் தொடுகிறது. பொருள் வீட்டில் இருக்கட்டும், தோட்டா அரசின் பார்வையில் இருக்கட்டும் என்கிறது. இந்த நாட்டுச் சேகரிப்பாளர்கள் பற்றிக்கொள்ள வேண்டிய விதி இதுதான். மூன்றாவது துப்பாக்கிக்காக வாதாடுவதைவிட இது விரிவாகவும் தெளிவாகவும் நடைமுறைக்கு வர வாதாடுவது பயன்தரும்.

ஒரு துப்பாக்கி அரும்பொருளா இல்லையா என்று யார் சொல்வது என்பதில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது. உரிமத்தைக் கையாளும் அலுவலருக்கு வெப்லியையும் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸையும் பிரித்தறியும் பயிற்சி இருக்குமென எதிர்பார்ப்பது நியாயமில்லை. அமெரிக்காவில் அருங்காட்சியகக் காப்பாளரின் சான்றுக்குச் சட்ட மதிப்பு இருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்களின் கூடமே இருக்கிறது. இப்படிப்பட்ட அரசு அருங்காட்சியகங்கள் மற்ற மாநிலங்களிலும் உண்டு. அவற்றின் காப்பாளர்கள் ஆயுதத்தைப் பார்த்து, எண்களைப் பதிவுசெய்து, படம் எடுத்து, சான்றளிக்கும் முறை ஒன்றை உள்துறை வகுத்துவிட்டால் போதும். வாரிசுகள் வரிசை எண்ணை மறைக்காமல் கொண்டுவந்து காட்டுவார்கள். வைத்துக்கொள்ள விரும்பாதவர், உருக்குலைக்கும் இடத்துக்கு அனுப்பாமல் அதே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். குடும்பங்களின் மரப்பெட்டிகளில் எவை கிடக்கின்றன என்ற பட்டியலும் அப்போதுதான் முதல்முறையாக இந்த நாட்டுக்குக் கிடைக்கும்.